எண்ணி முடித்துச் சொல்கிறேன்

ஜனவரி 8, திங்கள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடி இன்றோடு நாற்பத்தொரு நாள். ஐந்தரைக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போக இடமில்லை என்ற சேதி உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இன்று எழுந்த வேகத்தில் கரண்டி டப்பாவைக் கவிழ்த்து, அளவு வாரியாக அடுக்கிவைத்தேன். பெரியது ஒன்பது, சின்னது பதினான்கு. வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, "எந்தக் கரண்டிக்கு இன்னிக்கு ஆபரேஷன்?" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பதினெட்டு வருஷமாகச் செய்தது அதுதானே. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தரி, கிளாம்ப், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி மெஷினில் ஏற்றி, மறுபடியும் தியேட்டருக்கு அனுப்புவது. டாக்டர் பெயர் ஊருக்கே தெரியும். அவர் கையிலிருக்கும் கத்தரி யார் கையிலிருந்து போனது என்று ஒருவருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

இப்போது பார்க்கிற விளம்பரத்திலெல்லாம் ஒரே வரி. வேலையில் சேரும் நாளில் நாற்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. எனக்கு முடிவது மார்ச் 11. சரியாக ஒன்பது வாரம். அதற்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு நான் கிழவி.

மாலையில் கொழுந்தனார் போன் செய்தார். "ஏன் அண்ணி அலையறீங்க? நம்ம பேப்பர் கடையில வந்து உக்காருங்க. ஃபேனுக்கு நேர் கீழ உங்க சீட்டு." நல்ல மனசு, குறை சொல்ல முடியாது. மார்ச்சில் சொல்கிறேன் என்றேன். நோட்டும் பென்சிலும் எடுத்துக் கொடுக்கவா இத்தனை வருஷம் கை காய்த்துப்போனது? மாட்டேன். ஒரு கை பார்த்துவிடுவது என்று இருக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

பிரசவ ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. ஆறே நிமிஷம்.

எதிரே இரண்டு பேர். ஒரு டாக்டரம்மா, பக்கத்தில் லேப்டாப் வைத்துக்கொண்டு ஒருவர். "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் லேப்டாப்காரர். நான் என்ன செய்தேன்? இடது உள்ளங்கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

எழுதும்போதே கூசுகிறது. எங்கள் அறையின் பழக்கம் அது. ட்ரே எண்ணும்போது பேசக் கூடாது. யாராவது ஏதாவது கேட்டால் உள்ளங்கையைக் காட்டுவோம். கேட்டவர் பெரிய டாக்டராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்பார். எண்ணி முடித்துத்தான் பதில். பதினெட்டு வருஷத்தில் அது எனக்குள் ஊறிவிட்டது. எதிரே ட்ரே இல்லாவிட்டாலும் யாராவது முக்கியமாக ஏதாவது கேட்டால் மனசு தானாக ஒன்று, இரண்டு என்று ஓடத் தொடங்குகிறது. வீட்டில் பழகிவிட்டார்கள். லேப்டாப்காரருக்கு என்ன தெரியும்? ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். அதே கேள்வியை, காது கேட்காதவளிடம் கேட்பதுபோல, மெதுவாக, உரக்க, இன்னொரு தரம் கேட்டார். அதற்குள் எனக்கு எண்ணிக்கையும் போச்சு, பேச்சும் போச்சு. "பதினெட்டு வருஷம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. டாக்டரம்மா பாவமாகப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 13

அங்கிருந்து போன் வராது. வந்தாலும் ராங் நம்பராகத்தான் இருக்கும்.

ஜனவரி 16

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மகள் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். அவளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம். அவளும் இன்டர்வியூக்களுக்குத் தயாராகிறாள். எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் அவள் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"மூணு செகண்டு. அதுக்குள்ள நீ வாயத் திறக்கணும்மா. இல்லன்னா தெரியலன்னு எழுதிடுவாங்க."

"தெரியாம இல்லடி, யோசிக்கிறேன்."

"யோசிக்கிறது வெளிய தெரியாது. முழிக்கிறதுதான் தெரியும்."

பெரிய டாக்டர் வேஷம் அவருக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் வாசிப்புக் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, "உமது பலவீனம் என்ன, பெண்ணே?" என்று நாடகக் குரலில் கேட்டார். "உங்களைக் கட்டிக்கிட்டது" என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையைத் தட்டினாள். "பாத்தியா! வருதுல்ல? இந்த வேகம்தான் வேணும்!"

ஜனவரி 22

இன்று இருபது கேள்வி. பதினொன்றுக்கு மூன்று நொடிக்குள் பதில். கையைக் கட்டுப்படுத்தத்தான் முடியவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஜனவரி 30

சுருட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்து மேஜை. இப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். அங்கே நீராவி தாங்காத கருவிகளுக்கென்று புது மாதிரி மெஷின் இருக்கிறதாம். நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். "அக்கா, நீங்க இதெல்லாம் கேக்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். மொத்தம் எழுபத்தாறு படம். மூன்று விடுபட்டிருந்தன, பக்க எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 3

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம்! ஒன்பதாம் தேதி, பத்து மணிக்கு. இருப்பது ஒரே இடம், கூப்பிட்டிருப்பது பதினாலு பேரை. மார்ச் பதினொன்றுக்குள் இதை விட்டால் வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். எழுபத்தாறு படத்தையும் இன்னொரு தரம் படிக்கிறேன்.

பிப்ரவரி 7

இருபதுக்கு இருபது. ஹெட்மிஸ்ட்ரஸ் கட்டிப்பிடித்தாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எனக்கே புரியும்.

நான் பத்தாவது ஆள். உள்ளே மூன்று பேர். நிர்வாகி ஒருவர், சர்ஜன் ஒருவர், நடுவில், கருவிகளைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசேஷன் பிரிவின் தலைவி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மனசுக்குள் கிராப்பு மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன். உட்கார்ந்ததும் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

கேட்கக் கேட்கக் கொட்டினேன். புது மெஷின்? சொன்னேன். ஈரமாக வந்த பேக்? அதோடு மெஷினில் ஏறிய மொத்தச் சுமையையும் திருப்ப வேண்டும் என்றேன். நிர்வாகி தலையாட்டிக்கொண்டே இருந்தார். சர்ஜன் சிரித்தார். எனக்கே என் குரலைக் கேட்க ஆசையாக இருந்தது. அப்போதுதான் கிராப்பு மேடம் கேட்டார்: "பேக் மேல ஒட்டின டேப்புல கோடு கறுத்திருக்கு. தியேட்டருக்கு அனுப்பலாமா?"

"அனுப்பலாம் மேடம்." ஒரு நொடி.

அவர் ஏதோ எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார். நான் வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, ஒரு பஸ்ஸை விட்டு, இரண்டாவது பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன். என்ன சொன்னேன்? ஐயோ, என்னடி சொன்ன நீ? கோடு கறுத்தா பேக் சூட்டுக்குள்ள போயிட்டு வந்திருக்குன்னு மட்டும்தானே அர்த்தம். உள்ள சூடு ஏறுச்சா, கிருமி செத்துச்சான்னு டேப் எப்படிச் சொல்லும்? அதுக்கு உள்ள வெச்ச பட்டையப் பாக்கணும், மெஷின் பதிவப் பாக்கணும், சோதனைக் குப்பியப் பாக்கணும். வேலைக்கு வந்த முதல் வாரத்துல கத்துக்கறது. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். மூணு செகண்டு, மூணு செகண்டுன்னு உளறிக் கொட்டிட்டேனே.

கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். ஏறவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அனுப்பிய பிறகு ஒரு சுமை சரியில்லை என்று தெரிந்தால் திரும்ப அழைக்க வேண்டும். எந்த மாடிக்குப் போயிருந்தாலும், யார் திட்டினாலும், போனை எடுத்து, சுமை நம்பரைச் சொல்லி, ஒவ்வொரு பேக்கையும் திரும்ப வாங்க வேண்டும். ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடக் கூடாது. நான் அனுப்பிய ஒரு தப்பு அந்த அறையில் கிடந்தது.

திரும்பி நடந்தேன். வாசலில் இருந்த குமாஸ்தா, "உங்களுதுதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார். முடியவில்லை என்றேன். பதினாலு பேரும் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்குக் கிராப்பு மேடம் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எழுந்து நின்றேன். எண்ணினேன். இந்தத் தடவை நன்றாகவே எண்ணிக்கொண்டேன். அவரும் நின்றார்.

"மேடம், நான் சொன்ன ஒரு பதிலத் திரும்ப வாங்கிக்கணும்." டேப் விஷயத்தைச் சொன்னேன்.

"மார்க்கு போட்டாச்சும்மா. மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம் மேடம். தப்பு அங்கயே இருக்க வேண்டாம்னுதான்."

"சரி" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10

சொல்லிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"யாராச்சும் தானே போய்த் தன் தப்பச் சொல்லுவாங்களா? அவங்க கவனிச்சிருக்கவே மாட்டாங்க! நீயே போய் எடுத்துக் கொடுத்திருக்க!"

"கவனிக்காம இருந்தா அவங்க அந்தப் பிரிவுக்குத் தலைவியா இருக்க முடியாதுடி."

"அப்ப எதுக்கு இருபது நாளு என் உயிர வாங்கின?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "டிப்போவுக்குப் போனதும் நான் ஒவ்வொரு சீட்டா குனிஞ்சு பாப்பேன், தெரியும்ல? எந்தப் புள்ளையாச்சும் தூங்கிட்டிருக்கான்னு. ஒரு நாளும் இருந்ததில்ல. அதுக்காகப் பாக்காம வர முடியுமா? விடு." இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நல்ல பேச்சு. அவரிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

பிப்ரவரி 13

கொழுந்தனார் மறுபடி போன். ஃபேன் மாற்றிவிட்டாராம், இப்போது இன்னும் காற்று வருகிறதாம்.

பிப்ரவரி 17

கடிதத்தைப் பிரிக்கத் தைரியம் இல்லாமல் அரிசி டப்பாமேல் அரை மணி நேரம் வைத்திருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தகுதி வரிசையில் என் பெயர் மூன்றாவது. இருபத்தேழாம் தேதி.

மூன்றாவதோ முப்பதாவதோ, பட்டியலில் இருக்கிறேன். இந்தத் தரம் என் கை செய்யப்போகிற வேலை. விடமாட்டேன்.

பிப்ரவரி 20

மகளுக்கு இன்று முதல் இன்டர்வியூ. வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். அப்புறம் சொன்னாள். கேள்வியை முடிப்பதற்குள் பதிலைத் தொடங்கிவிட்டாளாம். நாலு தரம். கடைசியில் அங்கிருந்தவர், "கொஞ்சம் மூச்சு விட்டுக்கோம்மா" என்றாராம்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவளுக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. பத்து நாளாகக் கோபத்தில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "அம்மா, நீ எண்ணறது தப்பில்ல. நீ எண்ணறன்னு அவங்களுக்குத் தெரியலல்ல, அதான் தப்பு. அதச் சொல்லிட்டா என்ன?"

"என்னன்னு சொல்றது?"

"எண்ணி முடிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லு. அவ்ளோதான்."

இருபது நாள் என் வாயைத் திறக்கவைக்கப் பாடுபட்டாள். இந்த ஒரு வாக்கியம் போதும்போல் இருக்கிறது.

பிப்ரவரி 24

இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி. நான் கரண்டிகளை எண்ண, அவள் கேள்வி கேட்டுக் குழப்புகிறாள். பிறகு அவள் உட்கார, நான் கேள்வி கேட்டுவிட்டு மூன்று எண்ணும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று நொடி சும்மா இருப்பது அவளுக்குத் தலையால் தண்ணீர் குடிப்பதாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெரிய டாக்டர் நடுவராக உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

முடிந்தது.

ஒருவர் பின் ஒருவராக உள்ளே அனுப்பினார்கள். நான் கடைசி. ஸ்டீல் மேஜை, விளக்கு, பெரிய ட்ரே, பக்கத்தில் பட்டியல். பட்டியலில் நாற்பத்திரண்டு கருவி. சரிபார்த்து, அடுக்கி, கையெழுத்துப் போட வேண்டும். பழைய அறையின் வாசனைதான் அங்கேயும் அடித்தது. உள்ளே போனதும் பாதி பயம் போய்விட்டது.

பதினேழு எண்ணியிருப்பேன். கிராப்பு மேடம் பின்னாலிருந்து, "அன்னிக்கு ஏன் திரும்பி வந்தீங்க?" என்றார்.

இடது கை தானாக எழுந்தது. இந்தத் தடவை அதைத் தடுக்கவில்லை. "எண்ணிட்டிருக்கேன் மேடம். பதினேழு. எண்ணி முடிச்சுட்டுச் சொல்றேன்." சுவரில் போன் அடித்தது. அதையும் எடுக்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது என்று போய்க்கொண்டே இருந்தேன்.

நாற்பத்தொன்று.

ட்ரேயைத் துணியில் கவிழ்த்து மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. பட்டியலோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு சின்ன வளைந்த கிளாம்ப் இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தேன், துணி மடிப்பில் பார்த்தேன். இல்லை. பட்டியலில் நாற்பத்தொன்று என்று எழுதி, இல்லாதது எது என்று குறித்து, கையெழுத்து இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

"கையெழுத்து?" என்றார்.

"கிளாம்ப் வந்ததும் போடறேன் மேடம்." அப்புறம்தான் முதல் கேள்விக்கு வந்தேன். "அனுப்பினது சரியில்லன்னா எந்த மாடியில இருந்தாலும் திரும்ப வாங்கணும்னுதான் எனக்குத் தெரியும். பதிலும் அப்படித்தான்னு தோணுச்சு."

"அந்தக் கேள்விக்கு உங்களுக்கு சைபர் போட்டேன். இப்பவும் சைபர்தான்."

"அது சரிதான் மேடம். தப்பான பதிலுக்கு வேற என்ன போடுவீங்க?"

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை வாங்கிக்கொண்டார்.

வேலை கிடைக்குமா என்று தெரியாது. ஆனால் இன்று நான் திருதிருவென்று விழிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரிந்த மாதிரியே செய்துவிட்டு வந்தேன். சந்தோஷமாக இருக்கிறது, பொய் சொல்வானேன்.

மார்ச் 2

தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது மட்டும் வேகமாகப் போகிறார்.

மார்ச் 4

இன்னும் ஏழு நாள். அவர் கேலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தேதி தெரியாமல் இருக்குமா எனக்கு?

மார்ச் 6, புதன்

வந்துவிட்டது. வந்தேவிட்டது.

எட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு வேலையில் சேர வேண்டும். நாற்பத்தைந்து முடிய மூன்று நாள் மிச்சம். நானே நாலு தரம் படித்தேன். அப்புறம் மகள் உரக்கப் படித்தாள். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வந்தவர் கரண்டி டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். "இனிமே இதுங்கள நிம்மதியா இருக்க விடு" என்றார். நான் அழுதேன். ஆமாம், நன்றாகவே அழுதேன்.

கொழுந்தனாருக்கு நானே போன் செய்தேன். "அண்ணி, ஃபேன்?" என்றார். நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 11

நாற்பத்தைந்து முடிந்தது. வேலை அதிகம், எழுத நேரமில்லை.

மார்ச் 19

மகளுக்கு இரண்டாவது இன்டர்வியூ. "எப்படிடி?" என்றேன். பதில் சொல்வதற்குமுன் மூன்று நொடி எடுத்துக்கொண்டாள், கழுதை. அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் ஒரு சுமை ஈரமாக இருந்தது தெரிவதற்குள் மூன்று பேக் மேலே போய்விட்டது. நானே போன் செய்தேன். இரண்டாவது மாடி உடனே கொடுத்தது. நாலாவது மாடி கத்தியது. சுமை நம்பரை இன்னொரு தரம் சொன்னேன். மூன்றும் பதினைந்து நிமிஷத்தில் கீழே வந்துவிட்டன.

மதியம் எலும்பு ஆபரேஷன் ட்ரே. கருவிகள் அறுபத்து மூன்று. முப்பதைத் தாண்டியபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கிராப்பு மேடம். ஏதோ கேட்க வாயெடுத்தார். கையைத் தூக்கினேன். வாசலிலேயே நின்றுகொண்டார். பின்னால் வந்த சர்ஜன் ஏதோ ஆரம்பிக்க, அவரைப் பார்த்து மேடம் தன் உள்ளங்கையைத் தூக்கினார். நாற்பது, ஐம்பது, அறுபது. நான் அவசரப்படவில்லை. அறுபத்து மூன்று. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"டீக்குப் போறோம், வர்றீங்களா?" என்றார் மேடம்.